வாசல் விளக்கும் வீட்டு வைஃபையும்: தோட்டப்புற வீட்டுக்கு ஸ்மார்ட் பல்பு வாங்குவோருக்கான வழிகாட்டி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா கைப்பேசியில் அழைத்தார். வாசல் விளக்கு விடாமல் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது என்றும், சுவிட்சை அணைத்துப் போட்டாலும் மறுபடி சிமிட்டுகிறது என்றும் சொன்னார். அன்று மாலை இடியோடு பெய்த மழையில் மின்சாரம் நாலைந்து முறை ஒரு நொடி போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. அது வைஃபை வழியாகக் கைப்பேசியில் இயக்கும் ஸ்மார்ட் பல்பு. அந்த வகைப் பல்பைப் புதிதாக இணைக்க வேண்டுமானால் சுவிட்சை விரைவாக நாலைந்து முறை தட்ட வேண்டும். மின்சாரம் துடித்ததை யாரோ சுவிட்சைத் தட்டுவதாக எடுத்துக்கொண்ட பல்பு, தான் சேர்ந்திருந்த வைஃபையை மறந்துவிட்டுப் புது இணைப்புக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டது. இருபத்தைந்து வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பல்பைச் சரிசெய்ய நான் கிள்ளானிலிருந்து ஊருக்குப் போய்வந்ததில், பெட்ரோலுக்கும் டோலுக்கும் பல்பின் விலையைப்போலப் பல மடங்கு செலவானது.

பிள்ளைகள் கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்ய, பெற்றோர் மட்டும் தோட்டத்தை ஒட்டிய தாமான் எனப்படும் குடியிருப்பு வீட்டில் இருப்பது இன்று நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஸ்மார்ட் பல்பு உண்மையிலேயே உதவும் பொருள். இருட்டும் நேரத்தில் வாசல் விளக்கு தானே எரியும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் மங்கிய வெளிச்சம் இருக்கும். அம்மா ஈப்போவில் உறவினர் வீட்டில் தங்கினாலும் வீடு இருண்டு கிடக்காது. ஆனால் பல்பு, சுவிட்ச், வைஃபை, மின்சாரம் ஆகிய நான்கும் ஒத்துப்போனால்தான் இது நடக்கும். ஒன்று பிசகினாலும் வீட்டில் இருக்கும் முதியவர்தான் இருட்டில் நிற்க வேண்டிவரும். ஆகவே மலிவான பல்பு எது என்பதை விலைச்சீட்டைப் பார்த்து முடிவுசெய்யாமல், அடுத்த மூன்று ஆண்டுகளில் அதற்காக எத்தனை முறை ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் வைஃபை

கடைக்குப் போகும் முன் வீட்டு வைஃபையை அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு வைஃபையின் பலத்தை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகள் பல உள்ளன. அந்த எண் டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க அலை வலுவானது என்று பொருள். பல்பு மாட்டப்போகும் ஒவ்வோர் இடத்திலும், கூடுமானால் கதவுகளைச் சாத்திவிட்டு, கைப்பேசியை விளக்கின் அருகில் உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். மைனஸ் 60 அல்லது அதைவிட மேலாக இருந்தால் கவலையே இல்லை. மைனஸ் 70 வரை சமாளிக்கலாம். மைனஸ் 80-ஐ நெருங்கினால் அந்த இடத்தில் எந்த நிறுவனத்தின் பல்பும் நிலையாக நிற்காது. பல்பின் ஆன்டெனா மிகச் சிறியது. அதுவும் பெரும்பாலும் உலோக விளக்குக்கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். எனவே உங்கள் கைப்பேசிக்குக் கிடைப்பதைவிடப் பல்புக்குக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

அளக்கும்போது கைப்பேசி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மலிவு விலை வைஃபை பல்புகளுக்கு ஏறக்குறைய அனைத்துக்கும் இந்த ஓர் அலைவரிசைதான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றின் கண்ணுக்கே படாது. இதில் நமக்கு ஓர் ஆதாயமும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்ததாயினும் செங்கல் சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸைவிட நன்றாகத் தாண்டும். பல்புக்கு வேகமும் தேவையில்லை. எரி, அணை, மங்கு என்ற ஒரு சில எழுத்துகள் அளவிலான கட்டளைதான் அதற்குப் போகிறது. இணையத் திட்டத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்தினால் விளக்கு நன்றாக வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் அந்தக் காசை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

நம் தாமான் வீடுகளின் அமைப்பே ஒரு சிக்கல்தான். அகலம் குறைந்து நீளம் மிகுந்த வரிசை வீடு. ஃபைபர் கம்பி முன்பக்கத்திலிருந்து வருவதால் ரவுட்டரும் வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. அடுப்படியோ வீட்டின் கடைசியில், பிற்பாடு இழுத்துக் கட்டிய சுவருக்கும் தகரக் கூரைக்கும் அடியில் இருக்கிறது. தொலைக்காட்சியின் உலோக முதுகு, மீன் தொட்டியின் தண்ணீர், குளிர்பதனப் பெட்டி, இரும்பு அலமாரி ஆகிய யாவும் அலையைத் தடுப்பவை. ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்து, தலை உயரத்தில், முன்னால் எதுவும் மறைக்காத இடத்தில், முடிந்தவரை வீட்டின் நடுப்பகுதியை நோக்கி வைப்பதற்குக் கொஞ்சம் நீளமான கேபிள் மட்டுமே செலவு. நான் பார்த்த வீடுகளில் பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்திருக்கிறது.

அதன் பிறகும் அடுப்படிக்கு எட்டவில்லை என்றால், சுவர்ப் பிளக்கில் செருகும் மலிவான ரிப்பீட்டரை வாங்க எல்லாருக்கும் கை நீளும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே பலவீனமாக வந்து சேரும் அலையை வாங்கித்தான் அது மறுபடி அனுப்புகிறது. மின்தடைக்குப் பிறகு ரவுட்டருக்கு முன்பாகவே விழித்துக்கொண்டு தாய் இணைப்பைக் காணாமல் அல்லாடுவதும் அதற்கு வழக்கம். வீட்டில் தூங்கும் பழைய ரவுட்டர் ஒன்று இருந்தால் அதையே பயன்படுத்தலாம். அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய், ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி வசதியை அணையுங்கள். அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றுங்கள். வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் முதல் ரவுட்டரில் உள்ளபடியே வையுங்கள். சேனலை மட்டும் வேறாக்குங்கள். பிறகு முன்வீட்டிலிருந்து அடுப்படி வரை ஒரு கேட் 6 கேபிளைச் சுவரோரமாக இழுத்து, இரண்டின் லேன் துளைகளையும் இணைத்துவிட்டால் போதும். இத்தகைய கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். நம் வீடுகளுக்கு 20 அல்லது 25 மீட்டர் தாராளம். பழைய ரவுட்டர் இல்லாதவர்கள், ஒரே வைஃபையை வீடெங்கும் பகிரும் மெஷ் வகைச் சாதனங்கள் இரண்டை வாங்கலாம். அவற்றையும் கேபிளால் இணைத்தால்தான் முழுப்பயன் கிடைக்கும்.

சேனல் என்று சொன்னதை விளக்க வேண்டும். ஓர் அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனித் தடங்களே சேனல்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. வரிசை வீடுகளில் இடப்பக்கம், வலப்பக்கம், பின்வரிசை என்று ஏழெட்டு ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும். ரவுட்டரைத் தானியங்கித் தேர்வில் விட்டுவைத்தால் அது அவ்வப்போது சேனலை மாற்றும். ஒவ்வொரு முறையும் பல்புகள் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். விலை குறைந்த பல்பு சில சமயம் பிடிக்காமலே விட்டுவிடும். அளவிடும் செயலியில் அண்டை வீட்டார் எந்தச் சேனலில் குறைவாக இருக்கிறார்கள் என்று பார்த்து, மூன்றில் ஒன்றை நிலையாகத் தேர்ந்தெடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்திவிடுங்கள். 40 மெகாஹெர்ட்ஸ் வேகமாகத் தோன்றினாலும் நெருக்கமான குடியிருப்பில் அது அக்கம்பக்கத்தாரோடு சண்டைதான் வளர்க்கும்.

பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 இருக்கட்டும். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 அதைவிட வலுவானது என்றாலும் விலை குறைந்த பல்புகள் பலவற்றால் அதில் சேர முடியாது. இரண்டையும் கலந்து வைக்கும் வசதி ரவுட்டரில் இருந்தால் முயன்று பாருங்கள்; பல்பு சேர மறுத்தால் டபிள்யூபிஏ2-க்கு வந்துவிடுங்கள். வைஃபைப் பெயரைத் தமிழில் வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 பைட் மட்டுமே. யூனிகோடில் தமிழ் எழுத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் தனித்தனியே மூன்று பைட் ஆவதால், மொத்தம் பத்துக் குறிகளோடு இடம் நிரம்பிவிடும். மலிவான பல்புகளின் செயலிகள் அந்தப் பெயரைப் படிக்கத் தடுமாறவும் கூடும். எளிய ஆங்கில எழுத்துகளும் எண்களுமே பத்திரம். கடவுச்சொல்லிலும் அபூர்வக் குறியீடுகளைத் தவிர்த்து, நீளத்தால் வலுவூட்டுங்கள்.

இந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். இணைய நிறுவனம் நாளை ரவுட்டரை மாற்றிக் கொடுத்தால், புதியதிலும் எழுத்துப் பிசகாமல் அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் வைத்துவிடுங்கள். எல்லாப் பல்புகளும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். இது தெரியாமல் பத்துப் பல்புகளை ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாக மறுபடி இணைத்தவர்கள் உண்டு.

தாமானில் இல்லாமல் இன்னமும் செம்பனைத் தோட்டத்துக்குள் லயத்தில் குடியிருப்போருக்கு ஃபைபர் வராமல் இருக்கலாம். அங்கே சிம் அட்டை போடும் 4ஜி ரவுட்டர்தான் துணை. அதை நடுவீட்டில் வைப்பதைவிட, கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த சன்னலருகே உயரமாக வைப்பது நல்லது. தரவு தீர்ந்துபோனால் இணையம் நின்றுவிடும். ஆனால் வீட்டுக்குள் வைஃபை நிற்காது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பல்பைத் தேர்ந்தெடுக்கும்போது இது மிக முக்கியமாகும்.

மின்னலும் மின்தடையும்

உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மாலை இடி இடித்தால் தொலைக்காட்சி வயரைப் பிடுங்கிவிடும் பழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருக்கிறது. ரவுட்டரின் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கினால் அதைத் தடுக்காதீர்கள். ஃபைபர் கம்பி கண்ணாடி இழையானதால் மின்னலைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக மின்னோட்டத்தின் திடீர் எழுச்சி உள்ளே வரும். எழுச்சியைத் தாங்கும் நீட்டிப்புப் பலகை ஒன்றை வாங்கி, ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் அதில் மாட்டுங்கள். வீட்டு மின்னிணைப்பில் எர்த் கம்பி சரியாக இருந்தால்தான் அது முழுமையாகக் காக்கும். பழைய வீடானால் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து ஒருமுறை சோதித்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் நல்லது.

அடுத்ததாக, மின்சாரம் போனாலும் பேட்டரியால் இயங்கவைக்க ரவுட்டருக்கென்று விற்கப்படும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் பெட்டியைச் சொல்ல வேண்டும். மின்சாரம் போனால் விளக்கும் எரியாதே, ரவுட்டர் மட்டும் விழித்திருந்து என்ன பயன் என்று கேட்கலாம். மின்சாரம் ஒரு நொடி துடித்தாலும் ரவுட்டர் மறுபடி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பல்போ சில நொடிகளில் எழுந்து வைஃபையைத் தேடும். கிடைக்காவிட்டால் தரமான பல்பு விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். தரமற்றது சோர்ந்து நின்றுவிடும். ரவுட்டர் அணையாமலே இருந்தால் இந்தச் சிக்கல் எழவே எழாது. வாங்கும்போது ஃபைபர் பெட்டி, ரவுட்டர் ஆகிய இரண்டின் அடாப்டர்களிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். எல்லாம் 12 வோல்ட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்து மாட்டினால் சாதனம் கெட்டுப்போகலாம்.

மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி சுவிட்ச் மின்னலில் விழுந்து வீடே இருண்டுவிட்டால், அதை மேலே தூக்கிய பிறகு என்ன நடக்கும் என்பதையும் யோசித்துவையுங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகள் கடையிலிருந்து வரும்போது, மின்சாரம் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியும்படி அமைக்கப்பட்டிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு மின்சாரம் வந்தால் படுக்கையறை உட்பட எல்லா விளக்குகளும் பளிச்சென்று எரிந்து வீட்டாரைத் திடுக்கிட வைக்கும். நல்ல செயலிகளில் மின்சாரம் திரும்பும்போது பல்பு எப்படி இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். படுக்கையறைக்குக் கடைசியாக இருந்த நிலையையும், வாசலுக்கும் கழிப்பறை வழிக்கும் எரியும் நிலையையும் தேர்ந்தெடுங்கள். இந்த வசதி இல்லாத பல்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

பல்பைத் தேர்ந்தெடுப்பது

எந்தெந்த இடத்துக்கு வேண்டும் என்பதே முதல் கேள்வி. எல்லா விளக்குகளையும் மாற்ற வேண்டியதில்லை; மாற்றக் கூடாத இடங்களும் உண்டு. ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் வைஃபையைக் கேட்டுக்கொண்டிருப்பதால் ஏறக்குறைய அரை வாட் மின்சாரத்தை எப்போதும் எடுத்துக்கொள்ளும். வாசலில் தினம் ஐந்து மணி நேரம் எரியும் 9 வாட் பல்பு நாளுக்கு 45 வாட்-மணி செலவழித்தால், மீதி 19 மணி நேரக் காத்திருப்புக்கு 9.5 வாட்-மணி ஆகும், இதைப் பொறுத்துக்கொள்ளலாம். தினம் அரைமணி நேரமே எரியும் குளியலறையில் வெளிச்சத்துக்கு 4.5 வாட்-மணி, சும்மா இருப்பதற்கு ஏறக்குறைய 12 வாட்-மணி என்று கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. அங்கே சாதாரண எல்இடி பல்பே சிறந்தது. வாசல், கழிப்பறைக்குப் போகும் நடை, முதியவரின் படுக்கையறை ஆகிய மூன்று இடங்களில் தொடங்குங்கள்.

ஹோல்டரைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நம் நாட்டில் ஆங்கிலேயர் காலத்துப் பழக்கமாக அழுத்தித் திருப்பி மாட்டும் பி22 வகையும், திருகி மாட்டும் ஈ27 வகையும் கலந்து கிடக்கின்றன. ஸ்மார்ட் பல்புகளில் ஈ27-தான் எளிதில் கிடைக்கும். பழைய வீட்டில் பி22 இருந்தால் ஹோல்டரையே மாற்றிவிடுவது, வகை மாற்றும் அடாப்டர் துண்டு போட்டுப் பல்பைத் தொங்கவிடுவதைவிடப் பத்திரம். பெட்டியில் 230 வோல்ட் அல்லது 220 முதல் 240 வோல்ட் என்று அச்சாகியிருக்க வேண்டும். இணையக் கடைகளில் 110 வோல்ட் நாடுகளுக்கான சரக்கும் கலந்து வருவதுண்டு.

வெளிச்சத்தை வாட்டில் பார்க்காமல் லுமெனில் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 800 லுமென். வாசலுக்கும் படுக்கையறைக்கும் அது போதும். வரவேற்பறைக்கு ஒன்று போதாது. நிறத்துக்கு கெல்வின் என்று ஓர் எண் இருக்கும்: 2700 மஞ்சள் கலந்த இதமான ஒளி, 6500 வெள்ளை வெளேரென்ற பகலொளி. நம் வீடுகளில் 6500-ஐத்தான் பெரும்பாலும் விரும்புகிறார்கள். கடைகளிலும் அதுவே நிறைந்திருக்கும். ஆனால் இரவு நடுவில் எழுந்து நடப்பவருக்கு 2700-இல் பத்து விழுக்காட்டுக்கு மங்கவைத்த வெளிச்சம் கண்ணை உறுத்தாது. ஆகவே இந்த இரண்டு நிறத்துக்கும் இடையில் மாற்றிக்கொள்ளக்கூடிய வெள்ளைப் பல்பு ஒன்று, பதினாறு மில்லியன் வண்ணம் காட்டும் பல்பைவிட முதியவருக்குப் பயன்படும்; விலையும் குறைவு. வண்ணம் வேண்டுமானால் தீபாவளிக்கு வாசலில் மாட்ட ஒன்றே ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் அதை வருடம் முழுவதும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள் என்பது வேறு கதை.

முற்றிலும் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் பல்பை வைத்தால் உள்ளிருக்கும் மின்னணுப் பாகங்கள் சூட்டில் சீக்கிரம் கெடும். நம் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இது இன்னும் விரைவாக நடக்கும். காற்றுப் போகும் கூண்டாகப் பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்சோடும் இதை மாட்டக் கூடாது. பல்பே தன்னை மங்கச் செய்துகொள்ளும்.

இனி, பெட்டியில் அச்சிடாத ஒரு தகுதியைச் சொல்கிறேன். இணையம் இல்லாதபோதும் வீட்டு வைஃபைக்குள்ளேயே பல்பு கட்டளை கேட்குமா என்பதுதான் அது. சில பல்புகளில் நீங்கள் கைப்பேசியில் தொட்டதும் கட்டளை வெளிநாட்டில் எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி, இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் பல்புக்கு வருகிறது. தரவு தீர்ந்தாலோ ஃபைபர் அறுந்தாலோ அதோடு சரி. நிறுவனமே கடையை மூடலாம் என்பதும் வெறும் அச்சமன்று. ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனம் லைட்டிஃபை என்ற தன் விளக்குச் சேவையின் சர்வரை 2021 ஆகஸ்ட் 31-இல் நிறுத்தியது. அந்த விளக்குகள், வைஃபைக்குப் பதிலாகப் பல நிறுவனங்கள் பின்பற்றும் ஜிக்பீ என்ற பொதுமுறையில் இயங்கியதால், வேறு நிறுவனத்தின் மையப் பெட்டியோடு இணைத்துப் பலர் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது. இதனால்தான் பொதுமுறையைப் பின்பற்றும் பல்பைத் தேடச் சொல்கிறேன். 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுமுறை, வீட்டுக்குள்ளேயே கட்டளை செல்லும்படி வகுக்கப்பட்டது. அந்த முத்திரை உள்ள வைஃபை பல்புகள் இப்போது நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. பிலிப்ஸின் விஸ், டிபி-லிங்கின் தாப்போ போன்ற பெயர்களிலும் மேட்டர் உள்ள வகையும் இல்லாத வகையும் இருப்பதால், பெயரை மட்டும் நம்பாமல் பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

ஜிக்பீ பல்பு வாங்குவதா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு மையப் பெட்டி ஒன்று தனியே வேண்டும். ஆனால் பல்புகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்திக்கொள்வதால் நீளமான வீட்டில் அது மிக உறுதியாக நிற்கும். வைஃபை ரவுட்டருக்கும் பாரம் குறையும். மூன்று பல்புக்கு வைஃபை போதும். எட்டு, பத்து என்று பெருக்கப்போவதானால் தொடக்கத்திலேயே மையப் பெட்டிக்குச் செலவிடுவது கணக்கில் லாபம்.

மலேசியாவில் விற்கப்படும் கம்பியில்லாச் சாதனங்கள் தொடர்புத் துறை ஆணையத்தின் சான்று முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும். பெயர் தெரியாத பல்பு பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறதென்றால் முதலில் அந்த முத்திரையைத் தேடுங்கள். தலைக்கு மேலே வருடக்கணக்கில் மின்சாரத்தில் இருக்கப்போகும் பொருள் அது.

பல்புக்குப் பதில் ஸ்மார்ட் சுவிட்ச் போட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. சுவரில் சுவிட்ச் வழக்கம்போலவே இருக்கும், எந்த மலிவான பல்பும் அதில் எரியும் என்பதால் முதியவருக்கு அதுவே மிகவும் பொருந்தும். ஆனால் பெரும்பாலான சுவிட்சுகளுக்கு நியூட்ரல் கம்பி வேண்டும். நம் வீடுகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் அது வழக்கமாக இருப்பதில்லை. நியூட்ரல் தேவையில்லாத வகையும் உண்டு, அதில் சிறிய எல்இடி பல்பு அணைந்த பிறகும் இலேசாக மினுங்கக்கூடும். எதுவானாலும் வயர்மேன் இல்லாமல் சுவிட்சுப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

மாட்டும் நாள்

ஒரே ஒரு பல்பை மட்டும் வாங்கி ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். இணைக்கும்போது கைப்பேசியும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டரில் பல்பு சேர மறுத்தால், 5 கிகாஹெர்ட்ஸைப் பத்து நிமிடம் அணைத்துவைத்து இணைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். விருந்தினர் வைஃபையில் பல்புகளைத் தனியே ஒதுக்குவது பாதுகாப்பானது என்று சொல்வார்கள்; அது சரிதான். ஆனால் பல ரவுட்டர்களில் விருந்தினர் வைஃபை மற்றச் சாதனங்களோடு பேச விடாது என்பதால் வீட்டுக்குள் நேரடிக் கட்டளை நின்றுவிடும். எது முக்கியம் என்று பார்த்து முடிவெடுங்கள். செயலிக் கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்காமல், அண்ணன் தம்பி எல்லாரும் திறக்கக்கூடிய குடும்ப மின்னஞ்சலில் தொடங்குங்கள்.

இணைந்த உடனே பல்பின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். 2023-இல் இத்தாலியின் கத்தானியா பல்கலைக்கழகத்தையும் லண்டனின் ராயல் ஹாலோவேயையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பரவலாக விற்பனையாகும் ஒரு ஸ்மார்ட் பல்பிலும் அதன் செயலியிலும் நான்கு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். அருகில் இருப்பவர் அவற்றின் வழியாக வீட்டு வைஃபைக் கடவுச்சொல்லையே பெற முடியும் என்று காட்டினார்கள். புதுப்பிப்பை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும். அதுபோலவே பழைய பல்பை யாருக்காவது கொடுக்கும்போதும் எறியும்போதும் அதன் நினைவிலுள்ளவற்றை முழுமையாக அழித்துவிடுங்கள். உங்கள் வைஃபை விவரம் அதற்குள் இருக்கிறது.

நேரம் வைப்பதில் நம் நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பேராக்கில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறக்குறைய 6.55 மணிக்கும் 7.35 மணிக்கும் இடையில்தான். சூரியன் மறையும் நேரத்தைச் சர்வரில் கேட்டு விளக்கைப் போடும் முறையை விட்டுவிட்டு, ஏழு மணி என்று நிலையாகவே வைத்துவிடலாம். அம்மா சாமி மேடையில் விளக்கேற்றும் நேரமும் அதுதான். வாசல் விளக்கும் அப்போதே எரிவது அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிறகு நான்கு சோதனைகளைச் செய்யாமல் ஏணியை மடக்காதீர்கள். சுவர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் பல்பு உடனே எரிகிறதா? ரவுட்டரை அணைத்துப் போட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் பல்பு தானே திரும்பி வருகிறதா? ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளை மட்டும் கழற்றிவிட்டுக் கைப்பேசியில் தொட்டால் விளக்கு கேட்கிறதா? மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் நீங்கள் அமைத்த நிலையில் பல்பு எழுகிறதா? எதிலாவது தவறினால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் பல்பைக் கடைக்குத் திருப்பிவிடுங்கள்.

சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்பு செத்துவிடும், கைப்பேசிக்குக் கேட்காது என்பதை வீட்டில் இருப்பவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். அறுபது ஆண்டுப் பழக்கத்தால் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. சுவிட்சின் மேல் ஒட்டுத்தாள் போட்டு மறைப்பதும் சரியன்று, அவசரத்துக்கு அவருக்கு அதுதான் வழி. அணைத்தால் அணையட்டும், மறுபடி போட்டதும் எரியும் என்ற உறுதி மட்டும் அவருக்கு இருக்க வேண்டும்.

பின்னொரு நாள் விளக்கு தொடர்பில் இல்லை என்று செயலி காட்டினால், ஊரில் இருப்பவரைத் தொலைபேசியில் இந்த வரிசையில் கேளுங்கள். சுவர் சுவிட்ச் போட்டிருக்கிறதா? வீட்டில் வேறு எதிலாவது இணையம் வருகிறதா? ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? சிவப்பு என்றால் பழுது வெளியில் இருக்கிறது. இணைய நிறுவனத்துக்குத்தான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி, முப்பது எண்ணிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சுவர் சுவிட்சை ஒரே ஒரு முறை அணைத்து, பத்து எண்ணிப் போடச் சொல்லுங்கள். விரைவாகப் பலமுறை தட்ட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். தட்டினால் பல்பு எல்லாவற்றையும் மறந்து சிமிட்டத் தொடங்கிவிடும். இந்த வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதன் பிறகு வந்த இரண்டு மூன்று மின்தடைகளையும் அம்மா அந்தத் தாளைப் பார்த்துத் தாமே சமாளித்துக்கொண்டார்.